பஸ்ரியன் மறைத்து வைத்த பார்

கீரி என்ற கடற்கரை ஊரில் பிறந்த பஸ்ரியன் இருபது வயதில் கடலட்டைக்கு மூழ்கத் தொடங்கியவர். இன்று ஐம்பத்திரண்டு. கல்வீடு, இரண்டு மகள்மாரின் படிப்பு எல்லாமே ஒரு பாரிலிருந்து வந்தவை. கடலடிப் பாறைத் திட்டைப் பார் என்பார்கள். அது எங்கே இருக்கிறது என்பது அவருக்கும் மனைவியின் தம்பி றொசாந்தனுக்கும் மட்டுமே தெரியும். அதைப் பற்றிக் கரையில் கதைக்கவே மாட்டார்கள். நேரே போகவும் மாட்டார்கள். மீனுக்குப் போவது போல மேற்கே ஓடி, கரை கண்ணுக்கு மறைந்த பிறகுதான் கிழக்கே திருப்புவார்கள்.

2022 மாசியில் ஒரு பல்கலைக்கழகக் குழு கடற்பஞ்சு தேடி வந்தது. அண்ணன் மகள் பிறின்சி அவர்களுடைய ஆய்வுகூடத்தில் வேலை செய்ததால் பஸ்ரியன் மறுக்கவில்லை. ஆனால் அவர்களையும் சுற்றித்தான் கூட்டிப் போனார். தலைசுற்றி வாந்தி எடுத்தவர்களைப் பார்த்து, இனித் திசை பிடிபடாது என்று உள்ளூரச் சிரித்துக்கொண்டார். ஊதா நிறப் பஞ்சொன்றைத் தானே மூழ்கி எடுத்துக் கொடுத்தார்.

சென்ற மாதம் பிறின்சி கைபேசியோடு ஓடி வந்தாள். அந்தப் பஞ்சில் இதுவரை யாரும் காணாத சிறு மூலக்கூறு ஒன்று இருந்ததாம். அதை இணையத் தரவுத்தளத்தில் சேர்த்துவிட்டார்களாம். எந்த நாட்டு ஆராய்ச்சியாளரும் காசு கொடுக்காமல் பார்க்கலாம், மருந்துக்கு உதவுமா என்று சோதிக்கலாம். கோடும் கோணமுமாக இருந்த படத்தைப் பார்த்துப் பஸ்ரியனும் பூரித்தார். பிறகு அவள் 'எடுத்த இடம்' என்ற வரியைத் தொட்டாள். வரைபடம் விரிந்தது. நீலத்தின் நடுவே ஒரு சிவப்புப் புள்ளி.

அவருடைய பார்.

கைபேசியை வாங்கிப் புள்ளியைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இதை ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை, சித்தப்பா. அண்டைக்கு வந்த பேராசிரியர் சேரின்ர கையில ஜிபிஎஸ் இருந்தது."

"அழி, பிள்ளை."

"எழுதிக் கேக்கிறன். ஆனா மற்றத் தளங்களும் பிரதி எடுத்திட்டுதுகள்."



மறுநாள் றொசாந்தன் எஞ்சினைக் கிளப்பியபடி கேட்டான்: "உலகத்துக்கே தெரியுமாம், அத்தான். இனி நேரே விடுங்கோவன். எண்ணெயாவது மிஞ்சும்."

கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர்கள் தலை நிமிர்ந்தார்கள். பஸ்ரியன் படகை மேற்கே திருப்பினார்.

பாரில் மூழ்கியபோது அட்டைகள் வழமைபோல மணலில் கிடந்தன. அவருடைய கண்தான் தரையில் நிற்கவில்லை. ஒன்றை எடுப்பார், மேலே பார்ப்பார். தங்கள் படகின் நிழல் ஒன்றுதான் தெரிந்தது. மறுபடி பார்ப்பார்.

அன்று பை பாதிகூட நிறையவில்லை.