திரைக்குக் கீழே ஏழு ஜோடிக் கால்கள்

மச்சான் இரவல் கொடுத்த பெட்டி காமிராவில் மொத்தம் பன்னிரண்டு படம் எடுக்கலாம். பதினொன்றைப் பாழாக்கிவிட்டேன். மட்டாஞ்சேரி கடைத்தெருவில் காமிராவைக் கண்டால் ஒருவரும் ஒழுங்காக வேலை பார்ப்பதில்லை. சுமைக்காரர் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுத் தலை வாருவார். மிளகுக் கடைக்காரர் உள்ளேயிருந்து நாற்காலி கொண்டுவரச் சொல்லுவார். எனக்கு வேண்டியதோ, யாரும் என்னைப் பார்க்காத தெரு. எர்ணாகுளத்தில் கல்லூரி நூலகத்துக்கு வரும் வெளிநாட்டுப் பத்திரிகைகளில் அப்படிப்பட்ட படங்களைப் பார்த்துப் பித்துப் பிடித்துத் திரிந்த காலம் அது.

பன்னிரண்டாவது படம் தானாக வந்து மாட்டியது. நோன்பு மாதம், உச்சி வெயில். நோன்புக் காலத்தில் எங்கள் தெருவில் சாயாக்கடைகளை மூடுவதில்லை. வாசலில் சாக்குத் திரை தொங்கவிடுவார்கள், அவ்வளவுதான். உள்ளே யார் என்று யாரும் கேட்பதில்லை. சுக்கு மூட்டை ஏற்றிய கைவண்டி ஒன்று அந்தத் திரைக்கு முன்னால் திரும்பியது. காற்றில் திரை புடைத்தது. அமுக்கினேன்.

ஸ்டுடியோக்காரச் சேட்டன் கழுவிப் பார்த்துவிட்டு, "மோனே, இதல்லவா படம்!" என்றார். பெரிதாக்கி, கண்ணாடி ஜன்னலில் கல்யாண ஜோடிகளுக்கு நடுவே வைத்தார். ஜன்னலுக்கு நேர் எதிரே பள்ளிவாசல்.

மறுநாள் ஜன்னல் முன்னால் கூட்டம். ஊரில் கலை ரசனை இவ்வளவு வேகமாகப் பரவிவிட்டதே என்று பூரித்துப்போய் நெருங்கினேன். கைவண்டியை யாரும் பார்க்கவில்லை. காமிராவின் தபால்தலை அளவுக் கண்ணாடியில் எனக்குத் தெரியாத ஒன்று படத்தில் பளிச்சென்று தெரிந்தது. திரைக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி. அதில் ஏழு ஜோடிக் கால்கள்.

"அந்த டயர் செருப்பு யாருதுன்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா சொல்லேன்."

"சொன்னா, உள்ளே நீ எதுக்குப் போனேன்னு கேப்பே!"

ஏழாவது ஜோடிக் கால்களில் கறுப்பு வெள்ளை ஷூ. மட்டாஞ்சேரியில் அப்படி ஒரே ஜோடிதான் உண்டு. அத்தா எர்ணாகுளம் போய், தேடிப் பிடித்து, மாப்பிள்ளைக்கென்று வாங்கிவந்தது. அக்காவைக் கட்டி மூன்று மாதமாக எங்கள் வீட்டிலேயே இருந்த மச்சான்தான் அந்த மாப்பிள்ளை. தினமும் நோன்பு திறக்கும் நேரத்தில், "நாக்கு வறண்டுபோச்சு மாமா" என்று முதல் கிண்ணம் கஞ்சியை வாங்கிக்கொள்பவர்.

மச்சான் என்னைச் சந்துக்குள் இழுத்தார். "படத்த எறக்குடா. மாமா அசர் தொழ வர்றதுக்குள்ள."

"என்னோட முதல் படம், மச்சான்!"

"அப்ப காமிராவக் குடு."

ஸ்டுடியோவுக்குள் ஓடினேன். சேட்டன் அசையவில்லை. "என் ஜன்னல இத்தன பேர் பாத்ததே இல்ல மோனே. எடுக்க மாட்டேன், கேட்டோ?"

அன்று பிற்பகல் அசர் தொழுகையின்போது பள்ளிவாசல் படிக்கட்டில் செருப்பே இல்லை. படத்தில் இருந்தவர்கள் ஏழு பேர்தான். சந்தேகத்துக்குப் பயந்து ஜமாஅத்தே வெறுங்காலோடு வந்திருந்தது. அத்தாவின் செருப்பு மட்டும் தனியாகக் கிடந்தது. வெளியே வந்தவர் தன் செருப்பைப் பார்த்தார், சுற்றிலும் நின்ற வெறுங்கால்களைப் பார்த்தார், நேராக ஜன்னலுக்குப் போனார். மச்சான் தூணுக்குப் பின்னால் போனார்.

அத்தா வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

"படம் நல்லாத்தான் இருக்கு," என்றார் என்னிடம். "காமிராவக் கொஞ்சம் மேல தூக்கிப் பிடிச்சிருக்கலாம்."

பிறகு சேட்டனிடம் கத்தரிக்கோல் கேட்டார். "அடியில ரெண்டு விரல் அளவு வெட்டிருங்க. தெரு அழுக்காத் தெரியுது."

கூட்டத்தில் ஏழு பேராவது மூச்சு விட்டிருப்பார்கள். கால்கள் போன என் படம் மழைக்காலம் வரை ஜன்னலில் இருந்தது. காமிராவும் என்னிடமே இருந்தது. வெட்டிய துண்டை மட்டும் அத்தா சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அன்று மாலை நோன்பு திறக்க உட்கார்ந்தோம். அம்மா வழக்கம்போல முதல் கிண்ணத்தை மச்சானிடம் நீட்டினாள். அத்தா கைக்குட்டை எடுக்கச் சட்டைப்பைக்குள் கையை விட்டார்.

"தம்பிக்குக் குடுங்க மாமி," என்றார் மச்சான். "இன்னைக்கு எனக்கு நாக்கு அவ்வளவா வறளல."