அத்தையின் முகத்துப் பவுடர்

என் அத்தைக்கு டெங்கிக் காய்ச்சல் வந்து போனது. களைப்பு மட்டும் போகவில்லை. தலை வாரக் கையைத் தூக்கினால் பாதியிலேயே விழுந்துவிடும். செம்பனைத் தோட்டத்து எங்கள் வீட்டில் இதைப் பற்றி இரண்டு கட்சிகள் இருந்தன. உடம்புக்குள் ஏதோ கெட்டுப்போயிருக்கிறது என்பது அப்பாவின் கட்சி. அம்மாவோ, "உங்க தங்கச்சிக்கு மனசுலதான் நோவு. வயசுப் பொண்ணு வீட்டுலயே கெடந்தா களைப்பாத்தான் இருக்கும்" என்பார். சாப்பாட்டு வேளையில் இந்த வழக்கு நடக்கும். யாருடைய உடம்போ அவர் மட்டும் அறைக்குள் படுத்திருப்பார். எனக்கு ஏழு வயது. எந்தக் கட்சியிலும் இல்லை.

கோலசிலாங்கூர் கிளினிக்கில் டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் பெரிய ஆஸ்பத்திரியில் பார்ப்பார்கள். அத்தை அந்த ஒன்றைத்தான் நம்பியிருந்தார். ஆனால் அம்மா யாரையும் கலைந்த தலையோடு வெளியே அனுப்பமாட்டார். கட்சி வேறு, மானம் வேறு. அத்தையைக் கட்டிலில் உட்காரவைத்துத் தலை பின்னி, பவுடர் பூசி, பூ வைத்து, தன் சங்கிலியையும் போட்டுவிட்டார். பொட்டு வைக்கும் பொறுப்பு எனக்கு. அப்பா கைத்தாங்கலாகக் காரில் ஏற்றினார், நானும் தொற்றிக்கொண்டேன்.

டாக்டர் ரத்தச் சோதனை முடிவைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், சிரித்தார்.

"ரத்தமெல்லாம் நல்லா இருக்கு. ஆளும் பளிச்சுன்னுதானே இருக்காங்க? சீக்கிரம் கல்யாணம் பண்ணி வைங்க."

அம்மாவின் கட்சி ஜெயித்தது. அதில் அம்மாவுக்கே அவ்வளவு சந்தோஷம் இருந்ததாகத் தெரியவில்லை. அன்று அத்தைக்குச் சோறு ஊட்டிவிட்டதும் அம்மாதான்.

மறுமுறை கிளம்பும்போது அத்தை கெஞ்சினார்.

"இன்னிக்குப் பவுடர் வேணாம் லா, அண்ணி."

"நல்லா இருக்கே கதை! கவனிக்காம விட்டுட்டேன்னு நாலு பேரு என்னையில்ல பேசுவாங்க!"

மறுபடியும் பவுடர், பூ, சங்கிலி. நான் சிவப்புப் பொட்டாகத் தேடியெடுத்து, நடுநெற்றியில் கோணாமல் வைத்தேன்.

கிளினிக் வாசலில் கார் நின்றதும் அத்தை துப்பட்டாவால் முகத்தை அழுத்தித் துடைத்தார். தோளில் தொங்கிய பூவைப் பிய்த்து மடியில் போட்டார். பின்னலை அவிழ்க்கப் போன கை பாதியில் விழுந்தது.

"நீ அவுத்து வுடு, பாப்பா."

என் பொட்டு துப்பட்டாவில் ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்கு வந்ததே அழுகை! அழுதுகொண்டேதான் அவிழ்த்தேன். அப்பா ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று டாக்டர் சிரிக்கவில்லை. அத்தையின் முகத்தை நெடுநேரம் பார்த்தார், பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதியும் கொடுத்தார். திரும்பும் வழியெல்லாம் அத்தை அந்தக் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு தனக்குத் தானே சிரித்தபடி வந்தார். நான் அத்தனை அழகாக்கி அனுப்பியும் அலங்கோலமாகப் போய் நின்றவருக்கு என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது என்று, வீடு வந்து சேரும்வரை நான் அவரோடு பேசவில்லை.