ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய ஊர்கள்

மில்லர்புரத்தில் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவு முழுக்க வெளிநாட்டு ஊர்கள்தான். கப்பலில் வேலை பார்க்கும் என் கணவர் விடுமுறைக்கு வரும்போதெல்லாம், போன ஊர்களின் காந்தப் பொம்மைகளைக் கொண்டுவந்து ஒட்டுவார். அவற்றைத் துடைக்கும்போது எனக்குப் புகையும். அவர் உலகம் சுற்றுகிறார், நான் பிள்ளைகளோடு கிடக்கிறேன்.

அவர் கப்பல் சிங்கப்பூருக்கு வருகிறது என்றதும், இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு விமானம் ஏறிவிட்டேன். கப்பலும் வந்தது. ஆனால் கரைக்கு வராதாம். கடலில் நின்றபடியே எண்ணெய் நிரப்பிக்கொண்டு கிளம்பிவிடுமாம்.

பிள்ளைகளுக்கு நான் மட்டுமே ஊரைச் சுற்றிக் காட்டினேன். சாயங்காலம் கடற்கரைக்குப் போனோம். தூரத்தில் வரிசையாகக் கப்பல்கள். எது அவருடையது என்று தெரியாமல் மகன் எல்லாவற்றுக்கும் கையசைத்தான். மகள் அவரோடு ஃபோனில் பேசினாள்.

"அப்பா, ஒரு சிங்கம் வாயில இருந்து தண்ணி ஊத்துது. நீங்க பாத்திருக்கீங்களா?"

"இல்லம்மா. நான் இந்த ஊர்ல இறங்குனதே இல்ல."

ஃபோனை வாங்கிக்கொண்டேன். "அப்போ நம்ம ஃபிரிட்ஜ்ல இருக்க சிங்கம்?"

"கப்பலுக்கே கொண்டுவந்து விப்பாவ, ஏளா. பிள்ளைட்ட குடு. பாத்ததெல்லாம் சொல்லட்டும்."

அவள் சொல்லி முடிப்பதற்குள் கப்பல்களில் விளக்கு எரியத் தொடங்கிவிட்டது.

ஃபிரிட்ஜ் கதவை இப்போதும் நான்தான் துடைக்கிறேன். அதில் எந்தெந்த ஊரில் அவர் கால் வைத்திருக்கிறார் என்று இன்றுவரை கேட்கவில்லை.