சஷ்டி நான்காம் நாள், மெர்சிங் பக்கத்துத் தீவில்

அண்ணியை எனக்குப் பிடிக்காது. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து அண்ணன் கட்டிக்கொண்டு வந்தவள். ஜொகூரில், மாசாய் ஊரில் எங்கள் வீட்டில் நான்கு வருடம் ஒன்றாகச் சமைத்தும் பிடிக்கவில்லை. காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது.

அவளுக்குக் குழந்தை இல்லை. அந்த வருடம் சஷ்டி விரதம் பிடித்தாள். ஆறு நாளும் ஒருவேளைச் சாப்பாடு. மீன், இறைச்சி கூடாது. தீபாவளி லீவு இருக்கிறதென்று அண்ணன் விரதத்தின் நடுவிலேயே மெர்சிங்கில் படகேற்றி எங்களைத் தீவுக்குக் கூட்டிப்போனான். அவளைக் கேட்கவில்லை.

நான்காம் நாள் மதியம் அண்ணன் அறையில் தூங்கினான். படகுத்துறைக் கடையில் எனக்கும் அவளுக்கும் கெரோப்போ லேக்கோர் வாங்கினேன். மீனை அரைத்து மாவோடு பிசைந்து, உருட்டிப் பொரிப்பது. இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவளுக்குத் தெரியாது. நாங்கள் வீட்டைவிட்டு வெளியே விட்டால்தானே தெரியும்?

“இதுல மீன் கீன் இல்லையே?”

“சவ்வரிசி மாவுதான் அண்ணி. சாப்பிடுங்க.”

“வாசம் அடிக்குதே.”

“கடல் பக்கத்துல எல்லாமே அப்படித்தான் அடிக்கும்.”

மிளகாய்ச் சாற்றில் தோய்த்து நான்கு தின்றாள்.

சாயங்காலம் விடுதி முற்றத்தில் மலாய்ப் பெரியவர்கள் கசல் வாசித்தார்கள். ஜொகூரின் பழைய இசை. ஆர்மோனியம், தபேலா, வயலின். அண்ணிக்கு முகமே மாறிவிட்டது.

“ஏங்க, நம்ம பஜனைப் பெட்டிங்க!” என்று அண்ணன் கையைப் பிடித்தாள்.

“கைய எடு. ஆளுங்க பாக்குறாங்க.”

ஆர்மோனியக்காரர் அவளைப் பார்த்து, “மாரி, மாரி” என்று கூப்பிட்டார். மலாயில் ‘வா, வா’. போனாள். சொல் தெரியாமல் மெட்டை மட்டும் பிடித்துக்கொண்டு பாடினாள். கூட்டம் கைதட்டியது.

“அலமாக், இவளுக்கு இப்படிப் பாட வருமா லா?” என்று வியந்தான் அண்ணன். அவளைப் பார்த்து அவன் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை.

அவள் வந்து உட்கார்ந்ததும் காதில் சொன்னேன்.

“மத்தியானம் தின்னது மீன், அண்ணி.”

“தெரிஞ்சேவா குடுத்த?”

“நீங்கதானே நாலு தின்னீங்க.”

எழுந்து கடலோரம் போய், தொண்டையில் விரலை விட்டு வாந்தியெடுத்தாள். வெறும் வயிற்றில் பாடியதால்தான் என்று அண்ணன் எல்லாரிடமும் சொன்னான்.

வீடு திரும்பியதும், தெரியாமல் மீன் சாப்பிட்டுவிட்டதாக அவளே எங்கள் அம்மாவிடம் சொன்னாள். என்னைச் சொல்லவில்லை.

இன்றும் அவளுக்குக் குழந்தை இல்லை. போன வாரம்கூட அம்மா கத்தினாள்.

“ஆறு நாள் நாக்க அடக்க முடியாதவளுக்கு எப்படி வயித்துல தங்கும்?” பிறகு என் பக்கம் திரும்பி, “நீ கூடத்தானே இருந்த? தடுத்திருக்கக் கூடாது?”

“எனக்கு எப்படிம்மா தெரியும்?”

தட்டுக் கழுவிக்கொண்டிருந்த அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சாப்பிட்ட தட்டையும் அவள் பக்கம் தள்ளிவிட்டு வெளியே வந்தேன்.