தணிகாசலம் அங்கிள் கலைக்க மறுத்த கொலு

விஜயதசமிக்கு முதல் நாள் சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோது கோமதி ஆன்ட்டி போன் செய்தார். "வித்யா, உங்க அங்கிள் போயிட்டாரும்மா. மத்தியானம் சாப்பிட்டு ஈஸி சேர்ல சாஞ்சாரு, அவ்வளவுதான்." அடுப்பை அணைத்தேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதோம். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஆன்ட்டி சொன்னார்: "எதையும் இழுத்தடிக்காம அந்த மனுஷன் முடிச்சது இது ஒண்ணுதான்."

அமெரிக்காவில் நாங்கள் வசிக்கும் கேட்டி என்ற ஊரில் அவரை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பைப்லைன் இன்ஜினியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கிறிஸ்துமஸுக்குப் போட்ட விளக்குச்சரம் தமிழ்ப் புத்தாண்டு வரை வாசலில் மினுக்கும். கேட்டால், "இருந்துட்டுப் போகட்டுமே, உனக்கு என்ன பண்ணுது?" என்பார். கிழிந்த சோபாவுக்கும் இதே பதில்தான், பேத்தியோடு வந்து, திரும்பிப் போகாமல் இங்கேயே தங்கிவிட்ட மாப்பிள்ளை வீட்டு நாய்க்கும் இதே பதில்தான்.

இராக் போர் நடந்த காலம். அந்த நவராத்திரிக்கு, கொலுப்படிக்குக் கீழே எல்லாரும் பார்க் கட்டுவதுபோல் அங்கிள் ஒரு பாலைவனம் கட்டினார். மணலைக் கொட்டி, பிளாஸ்டிக் சிப்பாய்களை நிறுத்தி, அமெரிக்காவோடு கூட்டணி சேர்ந்த நாடுகளின் கொடிகளைப் பல்குத்தும் குச்சியில் ஒட்டிக் குத்தியிருந்தார். மேலே தசாவதாரம், கீழே கூட்டணிப் படை! ஆன்ட்டி தலையில் அடித்துக்கொண்டார். அங்கிளோ வெற்றிலை பாக்கு வாங்க வந்தவர்களையெல்லாம் நிறுத்தி வைத்து வகுப்பு எடுத்தார். "இது எல் சால்வடோர். இத்துனூண்டு நாடு. அக்கம்பக்கத்து நாடெல்லாம் மூட்டை கட்டிட்டுப் போயிடுச்சு. இவங்க மட்டும் நிக்கறாங்க. இருக்கறதா, வர்றதான்னு அங்க இப்ப பெரிய டிபேட். நான் சொல்றேன், இருந்துட்டுப் போகட்டும். சேர்ந்துட்டு நடுவுல கழண்டுக்கறது ஒரு மரியாதையா?"

நீல வெள்ளைக் கொடி வைத்த அந்தச் சிப்பாய்க்கு முன்னால் மார்த்தா உட்கார்ந்துவிட்டார். அங்கிளின் எதிர்வீட்டுக்காரர், அந்த நாட்டிலிருந்து வந்தவர். வீட்டிலேயே டேகேர் நடத்தியவர், என் பெண்ணைப் பார்த்துக்கொண்டவரும் அவர்தான். அங்கிள் மரியாதைக்காகத் தன் உரையை ஆங்கிலத்திலும் ஒருமுறை நிகழ்த்தினார். மார்த்தா பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தன் அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னார்: "என் பிள்ளை நெல்சன் அந்தப் படையில் அங்கேதான் இருக்கிறான். நாடு படையைத் திருப்பிக் கூப்பிட்டால் உடனே வந்துவிடுவான். நீங்கள் இருக்கட்டும் என்கிறீர்களா?"

அங்கிளின் வாயில் சுண்டல் இருந்தது. அதை முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கடைசியில், "டேக் சம் மோர் சுண்டல், மார்த்தா" என்றார். அன்றோடு அவருடைய வெளியுறவுக் கொள்கை தலைகீழானது. மறுநாள் வந்தவர்களிடம், "அவனவன் பிள்ளைய அவனவன் வீட்டுக்கு அனுப்பறதுதாங்க முறை" என்றார். நேற்று வேறு மாதிரி சொன்னீர்களே என்று நான் கேட்டதற்கு, "உனக்குத்தான் காது சரியில்ல" என்றார்.

விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்க வைத்துவிட்டால் கொலு முடிந்தது, மறுநாள் எடுத்து வைத்துவிடலாம். வருடாவருடம் ஆன்ட்டி மேல்படியில் இருக்கும் மரப்பாச்சியைத்தான் படுக்க வைப்பார். அந்த வருடம் முழங்கால் வலி. கைக்கு எட்டியதைப் படுக்க வைத்தார். எட்டியது நீல வெள்ளைக் கொடிச் சிப்பாய். தட்டைத் திருப்பிக் கொடுக்க வந்த மார்த்தா அதைப் பார்த்துவிட்டார். வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். சாமி குத்தம் செய்துவிட்டவர்கள்போல் நாங்கள் மூவரும் மணலையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

மறுநாள் செய்தி வந்தது: படை இராக்கிலேயே இருக்கும் என்று அந்த நாடு முடிவெடுத்துவிட்டது. நெல்சன் தன் முறை முடியும் வரை வர முடியாது. நான் போனபோது அங்கிள் தரையில் குப்புறப் படுத்து, கோதுமை மாவு உருண்டை வைத்துச் சிப்பாயை நிமிர்த்திக்கொண்டிருந்தார். "நேத்து படுக்க வெச்சது செல்லாது. அந்தப் பையன் வீடு போய்ச் சேர்ற வரைக்கும் கொலு கலையாது."

"ஐயோ, ஊர் சிரிக்கும்!" என்றார் ஆன்ட்டி.

"ஒரு நாடே நீட்டிச்சிருக்கு. நாம நீட்டக் கூடாதா?"

நீட்டினார். தீபாவளி வந்தது, கொலு இருந்தது. கிறிஸ்துமஸ் வந்தது, கொலு இருந்தது. கூரியர்காரர் எட்டிப் பார்த்து, இவ்வளவு அழகான கிறிஸ்துமஸ் அலங்காரத்தைப் பார்த்ததே இல்லை என்றார். கொலுவுக்கு இடம் விட்ட சோபா கராஜில் கிடந்தது. இருவரும் மங்கி கேப் போட்டுக்கொண்டு அங்கேயே டிவி பார்த்தார்கள். கொலு இருந்தால் தினமும் நைவேத்தியம் வேண்டுமே! "தெனம் சுண்டல் பண்ண என்னால ஆகாது, உங்க படைய வாபஸ் வாங்குங்க" என்று ஆன்ட்டி கைவிரித்ததும் அங்கிளே கரண்டியைப் பிடித்தார். அந்தச் சுண்டலைத் தின்ற எங்கள் தெரு முழுக்க வாயுத் தொல்லை. அதைச் சொன்னால் மனம் நோவாரே என்று சத்தமில்லாமல் தின்றோம்.

மார்த்தா தினமும் காலையில் வந்து சிப்பாய் நிற்கிறானா என்று பார்த்துவிட்டுத்தான் டேகேரைத் திறப்பார். ஒருநாள் நேரம் கெட்ட நேரத்தில் ஏப்ரனோடு தெருவைக் கடந்து ஓடி வந்தார். நெல்சன் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டான், போனில் பேசினான். அங்கிள் சிப்பாயை எடுத்து மாவைச் சுரண்டிவிட்டு அவர் கையில் கொடுத்தார். "யூ புட் ஹிம் டு ஸ்லீப்." மார்த்தா அவனைப் பஞ்சில் படுக்க வைத்து, என் பெண்ணின் கைக்குட்டையால் போர்த்திவிட்டார். அங்கிள் தேம்பித் தேம்பி அழுதார். எங்களுக்கும் அடக்க முடியவில்லை.

போன வாரம் ஃப்யூனரல் ஹோமுக்கு மார்த்தா வந்தார். அன்றிலிருந்து தான் பத்திரமாக வைத்திருந்த அதே சிப்பாயைக் கைப்பையிலிருந்து எடுத்து அங்கிளின் தலைமாட்டில் நிறுத்தினார். அங்கே வேலை செய்பவர் தயங்கி, இதை எடுத்துவிடட்டுமா என்று கேட்டார். கோமதி ஆன்ட்டி தலையசைத்து மறுத்தார். பெட்டியை மூடும் நேரம் வந்தபோது அவரே எடுத்து என் கையில் திணித்து, "உன் கொலுவுல வை" என்றார்.

துக்கத்தில் எடுத்து வைக்காமல் விட்டிருந்த கொலுவில் வைத்திருக்கிறேன், நின்றபடியே. நவராத்திரி முடிந்துவிட்டது. என் வீட்டிலும் சோபா கராஜில் கிடக்கிறது. இன்று காலை என் கணவர், "கொலுவை எப்பதான் எடுக்கப் போற?" என்று கேட்டார். சுண்டலுக்கு ஊறவைத்த கடலையை வடிகட்டிக்கொண்டே, "இருந்துட்டுப் போகட்டும்" என்றேன்.