வானத்துக்குப் பதில் தார்ப்பாய்

ஜெசிந்தாவின் ஆராய்ச்சியைக் கெடுத்தவன் நான்தான். அவள் கணக்கு தப்பவில்லை... என் அளவுதான் தப்பு. இத்தனை வருடம் யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். மறைத்து மறைத்துக் களைத்துப்போய்விட்டேன்.

ஆராய்ச்சிக் கப்பலில் கடல் மேற்பரப்பின் வெப்பநிலையை அளப்பது என் வேலை. ரேடியோமீட்டர் என்ற கருவி, கடல் வீசும் வெப்பக் கதிரைத் தண்ணீரைத் தொடாமலே அளக்கும். கடலோ வானத்தின் கதிரையும் கொஞ்சம் திருப்பி அனுப்பும். அதனால் கருவி அவ்வப்போது வானத்தையும் பார்த்து, அந்தப் பங்கைக் கழித்துக்கொள்ளும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? வெயிலில் கருவி வெந்துவிடுமே என்று அதற்கு மேலே தார்ப்பாய் கட்டினேன்! திண்டுக்கல் வெயிலில் வளர்ந்தவன். எதற்கும் முதலில் நிழல் போடத்தான் கை போகும். வானம் என்று நினைத்து, சூடேறிக்கிடந்த தார்ப்பாயைப் பார்த்தது கருவி. வானத்தைவிட அது வீசும் கதிர் அதிகம், அதனால் அளவுக்கு மீறிக் கழித்தது. கடல் அரை டிகிரி குளிர்ந்திருப்பதாகக் காட்டியது.

கரை சேருவதற்கு முந்தின நாள்தான் எனக்கு உறைத்தது. அவிழ்த்துச் சுருட்டி வைத்தேன். பதிவேட்டில் ஒரு வரி எழுதியிருக்கலாம்... எழுதவில்லை. வெட்கம். வேறென்ன சொல்ல?

ஜெசிந்தா எங்கள் திண்டுக்கல்லுக்குப் பக்கத்துச் சாணார்பட்டிக்காரி. அதே கடலின் வெப்பநிலையைச் செயற்கைக்கோள் பதிவுகளிலிருந்து கணக்கிட்டுக்கொண்டிருந்தாள். அவள் ஆய்வைச் சரிபார்த்தவர்கள் அதை என் அளவோடு ஒப்பிட்டார்கள். அரை டிகிரி இடித்தது. நேரில் போய் அளந்தவனை யார் சந்தேகப்படுவார்கள்? மூன்று வருடம் திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, ஆராய்ச்சியை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிட்டாள். இப்போது டியூஷன் எடுக்கிறாள்.

போன மாதம் நான் திண்டுக்கல் வந்திருந்தபோது, பழைய நோட்டுடன் வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணே, செத்த நேரம் இதப் பாருங்க. எங்க தப்பு விட்டேன்னு இன்னும் பிடிபடல. தெரிஞ்சா, திரும்ப எழுதிக் குடுத்துப் பாக்கலாம்னு ஒரு ஆசை."

இரண்டு நாள் வரி வரியாகப் பார்த்தேன். ஒரு பிழைகூட இல்லை! அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டாமா? மறுபடி வந்து எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்க்கிறாள்... நான் நோட்டை நீட்டினேன்.

"தப்பு எங்கயோ இருக்கு, ஜெசி. இனி விட்டுரும்மா."

அவள் நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். "சரிண்ணே. நீங்களே பாத்துச் சொல்லிட்டீங்க. இம்புட்டு நாளும் என் மேலயே எனக்குச் சந்தேகம், அது சரிதான்னு ஆயிருச்சு... இனிமே இதத் தொடமாட்டேன்."

போகும்போது நன்றி வேறு சொன்னாள்... எனக்கு! நான் அதற்கும் தலையாட்டினேன்.