ரேடியோ அத்தையின் இரண்டு நிமிடம்

எங்கள் குடும்பத்தில் அத்தைக்கு ரேடியோ என்று பெயர். வாயைத் திறந்தால் மூடமாட்டார். ரெடிமேட் சட்டைகளுக்குப் பட்டன் தைத்துக் கொடுப்பது பிழைப்பு. கை ஊசியைப் பார்த்துக்கொள்ளும், வாய் ஊர்வம்பைப் பார்த்துக்கொள்ளும். அவர் வந்தாலே ஆளுக்கொரு வேலை ஞாபகம் வந்து எழுந்துவிடுவோம்.

அந்தப் பேச்சு சித்தப்பாவால் வந்தது. அத்தையின் அண்ணன், என் பெரியப்பா, போருக்குப் போய்ச் செத்தார். தம்பி, என் சித்தப்பா, அதே போருக்குப் போய் உயிரோடு திரும்பினார். வந்தவருக்குச் சத்தம் பயமில்லை. சத்தம் நின்றால்தான் பயம். அடுத்தது குண்டு என்று கட்டிலுக்கடியில் புகுந்துவிடுவார். அதனால் அத்தை பேசினார். துணி விலை, எதிர்வீட்டுச் சண்டை, பாதி பார்த்த சினிமா என்று வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினார். அத்தையைப் பெண் பார்க்க வந்தவர்கள் தம்பியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். இருபது வருஷத்துக்கு மேல் இப்படிப் போய், சித்தப்பா ஒருநாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். பேச்சு மட்டும் நிற்கவில்லை.

பெரியப்பாவின் மகன், எனக்கு அண்ணன், வங்கி மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவர். பொழுது போகாமல் வம்சத்தைத் தோண்ட ஆரம்பித்தார். போர்முனைக்குப் போகும் வழியில் லாரி கவிழ்ந்துதான் தன் அப்பா செத்தார் என்று என்னிடம் ஒருமுறை வாய்தவறிச் சொன்னார். வேறு யாரிடமும் மூச்சுவிடவில்லை. மண்டபம் பிடித்து, சொந்தபந்தத்தைக் கூட்டி, சுவர் அகலத்துக்கு வம்சாவளி பேனர் கட்டினார். பெரியப்பா பெயருக்கு மேல் தங்க நிற நட்சத்திரம். சித்தப்பா பெயர் ஒரு மூலையில் பொடி எழுத்தில் கிடந்தது.

அத்தை நேரே என் அண்ணனிடம் போனார்.

"சின்னவனுக்கும் ஒண்ணு ஒட்டுப்பா. அவனும்தானே போனான்?"

"அது போர்ல செத்தவங்களுக்கு, அத்தை. சித்தப்பாதான் திரும்பி வந்துட்டாரே."

"வந்தவன் எந்த லட்சணத்துல இருந்தான்னு உனக்கென்ன தெரியும்? கட்டிலுக்கடியில சோத்துத் தட்டைத் தள்ளினது நானு."

"அதையெல்லாம் நாலு பேர் முன்னாடி சொல்ல முடியுமா? குடும்ப மானம் போயிடும்."

பிறகு மைக்கைப் பிடித்து, வீரமரணம் அடைந்த தன் தந்தைக்கு எல்லோரும் எழுந்து இரண்டு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்தச் சொன்னார். நின்றோம். சித்தப்பா இருந்திருந்தால் அந்த இரண்டு நிமிடமும் நாற்காலிக்கடியில் நடுங்கிக்கொண்டிருப்பார். போருக்குப் போனவர்களுக்கு நாங்கள் காட்டும் மரியாதை அந்த அழகில் இருந்தது.

அத்தை பேச ஆரம்பித்தார். சித்தப்பாவின் பெயரை உரக்கச் சொன்னார்.

"அவனும் போருக்குப் போனான். போறதுக்கு முன்னாடி நல்லாப் பாடுவான். வந்தப்புறம் ஒரு நாள்கூட நிம்மதியாத் தூங்கல. இதை யாராவது எழுதி வைங்க."

"ரேடியோவை யாராவது அணைங்கப்பா" என்று பின்வரிசையில் ஒருவர் சொல்ல, சிரிப்பு எழுந்தது. அண்ணன் கண்ணைத் திறக்கவே இல்லை. அத்தை இரண்டு நிமிடமும் பேசி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

அடுத்த வாரம் விழா வீடியோ எல்லோர் போனுக்கும் வந்தது. அத்தையிடம் அப்படிப்பட்ட போன் கிடையாது. தைக்க வந்த சட்டைகளை அப்படியே போட்டுவிட்டு என் வீட்டுக்கு வந்தார்.

"நான் பேசினது வந்திருக்காமே? சின்னவன் பேரைச் சொன்னேனே, அந்த இடத்தை வை."

வைத்தேன். எல்லோரும் தலைகுனிந்து நிற்கிறார்கள். பெயர் சொல்லி அத்தையின் வாய் அசைகிறது. மெல்லிய புல்லாங்குழல் இசை மட்டும் கேட்கிறது.

அத்தை போனைக் காதருகே கொண்டுபோய்ப் பிடித்தார்.

"சத்தத்தைக் கூட்டு."

"முழுசாத்தான் வச்சிருக்கேன், அத்தை" என்றேன்.